ஹிஸ்மாவில் பழைய பாறை எழுத்து பார்க்கப் போனோம், பக்கத்திலேயே ஒரு தமிழ்ப் பெயர்

1. தபூக் செல்வா (சனி, இரவு 9:40)

எல்லாருக்கும் வணக்கம். நேத்து வெள்ளிக்கிழமை ஹிஸ்மா பாலைவனத்துக்கு நடைபயணம் போயிட்டு வந்தேன். மனசுல ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு, அதைக் கேட்கத்தான் இந்த இழை.

சவூதியில, தபூக்ல எட்டு வருஷமா ஏசி மெக்கானிக்கா இருக்கேன். ஜோர்டான்ல வாதி ரம்னு உலகமே போய்ப் பார்க்குதே, அதே செம்மணற்கல் நிலம்தான் எல்லையைத் தாண்டி தபூக்குக்கு மேற்கே வருது. அதுக்குத்தான் ஹிஸ்மான்னு பேரு. இத்தனை வருஷத்துல அந்தப் பக்கம் வேலைக்குத்தான் போயிருக்கேன், ஒரு நாளும் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்ததில்லை. இந்தத் தடவை ரூம்ல இருக்கிற நாலு பேர் சேர்ந்து, அந்த ஊர் பதூ (பாலைவன நாடோடி இனத்தவர்) ஒருத்தரை வழிகாட்டியா பிடிச்சோம். அம்பது வயசிருக்கும். பஜ்ர் தொழுகை முடிஞ்ச கையோட பிக்கப்ல ஏத்திக்கிட்டாரு. பஜ்தா பக்கம் தார் ரோட்டை விட்டு இறங்கினதும் டயர்ல காத்தைக் குறைச்சு, மணல்ல அரை மணி நேரம். அப்புறம் நடை. போக வர எல்லாம் சேர்த்து 9 கிலோமீட்டர்னு போன் காட்டுச்சு.

முதல் பாறைகிட்ட நிறுத்தி, "பாரு"ன்னாரு. ஒண்ணும் தெரியலை. கருஞ்சிவப்பா ஒரு சுவர், அவ்வளவுதான். உட்காரச் சொல்லி டீ போட்டாரு. சுள்ளியில தீ மூட்டி, கரி பிடிச்ச கெட்டில்ல, சர்க்கரையை அள்ளிக் கொட்டி. குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வெயில் பாறை ஓரமா சாய்வா ஏறி வந்துச்சு. அப்பதான் ஒவ்வொண்ணா எழும்பி வந்துச்சு பாருங்க! முதல்ல ஒரு ஒட்டகம். அப்புறம் முதுகு வரைக்கும் வளைஞ்ச கொம்போட ஒரு மலையாடு. அதுக்குப் பக்கத்துல மேலேர்ந்து கீழே இறங்கி, ஒரு இடத்துல திரும்பி மறுபடி மேலே ஏறுற மாதிரி ஒரு வரி எழுத்து. சின்ன வட்டம், கவுத்துப் போட்ட லாடம், கொக்கி வெச்ச கோடு. அரபி இல்லை. "கதீம், கதீம்"னு மட்டும் சொன்னாரு, பழசுன்னு அர்த்தம். அவருக்கும் வாசிக்கத் தெரியாது. ஆனா எந்தப் பாறையில என்ன இருக்குன்னு அவங்க அப்பா காட்டிக் கொடுத்தது எல்லாம் மனப்பாடம்.

இனிமேதான் விஷயம். அந்த வரிக்கு ஒரு முழம் கீழே, வெளேர்னு புதுசா கீறின எழுத்து. குனிஞ்சு பார்த்தா தமிழ். ஒரு பேரு, ராமநாதபுரம் மாவட்டத்துல ஒரு ஊரு, 2009. பேரை இங்கே போட மாட்டேன். அவரு எங்கே இருக்காரோ, எப்படி இருக்காரோ.

எனக்கு அங்கேயே உட்காரணும்போல ஆயிடுச்சு. வழிகாட்டிகிட்ட கேட்டேன். "ராயீ", ஆடு மேய்க்க வந்தவன்னு சொன்னாரு.

ரெண்டு கேள்வி. அந்தப் பழைய எழுத்து என்ன, யாராவது வாசிக்க முடியுமா? அந்தத் தமிழ்ப் பேரை என்ன பண்ணணும்? படம் ரெண்டு போட்டிருக்கேன். இடத்தை வேணும்னேதான் சொல்லலை.

2. ஜித்தா நிலா (சனி, இரவு 10:15)

செல்வா, படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன், அந்த மலையாட்டுக் கொம்பு எவ்வளவு அழகு! குடும்பத்தோட போக முடியுமா? எவ்வளவு ஆச்சு? தண்ணி எவ்வளவு எடுத்துக்கிட்டீங்க?

3. தபூக் செல்வா (சனி, இரவு 10:32)

நாலு பேருக்குச் சேர்த்து 600 ரியால், டீயும் மத்தியானச் சோறும் அவரோடது. தண்ணி ஆளுக்கு 4 லிட்டர். டிசம்பர்ங்கிறதால 3 லிட்டர்தான் செலவாச்சு, ஆனா மிச்சம் இருந்தது மனசுக்குத் தெம்பு. காலையில குளிர் எலும்பைக் குத்தும் அக்கா, பத்து மணிக்குச் சட்டை நனையும். பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகலாம், ஆனா 9 கிலோமீட்டர் வேணாம். வண்டி பக்கத்துலயே போற பாறைங்களும் இருக்கு, அதைக் கேட்டு வாங்கிக்கங்க.

வழிகாட்டி இல்லாம போகாதீங்க. எல்லா மலையும் ஒரே மாதிரி இருக்கு. திரும்பிப் பார்த்தா வந்த வழி வேற முகம் காட்டுது.

4. கல்லெழுத்து (ஞாயிறு, காலை 7:05)

மதுரையிலிருந்து எழுதுகிறேன். கல்வெட்டியல் படித்தவன், தமிழ்க் கல்வெட்டுதான் என் பாடம். வட அரேபியப் பாறை எழுத்துகளை ஆர்வத்தால் சில வருடங்களாகப் படித்து வருகிறேன். அதனால் சொல்வதைக் கவனமாகச் சொல்கிறேன்.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ஹிஸ்மாயிக் எனும் எழுத்து. ஹிஸ்மாவின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். கி.மு. கடைசி நூற்றாண்டுகளிலிருந்து கி.பி. முதல் சில நூற்றாண்டுகள் வரை தென் ஜோர்டானிலும் தபூக் பக்கமும், பெரும்பாலும் மேய்ச்சல்காரர்களிடையே, புழங்கியது. வழிகாட்டிகள் பொதுவாக இதைத் 'தமூதிக்' என்பார்கள். அறிஞர்கள் ஒரு காலத்தில் வகைப்படுத்த முடியாததையெல்லாம் போட்டு வைத்த கூடைக்கு அந்தப் பெயர். தமூத் என்ற கூட்டத்தார்தான் எழுதினார்கள் என்று பொருள் கொள்ளத் தேவையில்லை. ஹிஸ்மாயிக்கையே முன்பு 'தமூதிக் இ' என்றார்கள், பிறகுதான் தனியாகப் பிரித்தார்கள்.

இந்த எழுத்தில் உயிர் கிடையாது, மெய் மட்டும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், எப்படியும் ஓடும், பாறை எப்படி இடம் கொடுக்கிறதோ அப்படி. அரபி எழுத்து, பெட்ரா நகரைக் கட்டிய நபத்தேயரின் எழுத்திலிருந்து வந்தது. இது வேறு கிளை, ஏமன் நாட்டு முஸ்னத் எழுத்துக்கு ஒன்றுவிட்ட உறவு.

உங்கள் படத்தில் தொடக்கத்திலிருக்கும் கொக்கிக் கோடு 'ல்'. இன்னாருடையது, இன்னார் எழுதியது என்று தொடங்கும் முறை அது. நடுவில் லாடமும் அதையடுத்துச் சின்னக் கோடும் இருக்கிறதே, அது 'ப்ந்'. இப்னு, பின் என்று இன்றைக்கும் அரபியில் வழங்குகிறதே, அதே சொல்: மகன். ஆக, 'இன்னார், இன்னார் மகன்'. இரண்டு பெயர்களையும் இந்தப் படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். வெயில் நேராக அடித்திருக்கிறது, இரண்டு எழுத்து கோடா பிளவா என்று தெரியவில்லை. வரி திரும்பி ஏறிய பிறகு இன்னும் ஏதோ இருக்கிறது. மறுபடி போனால், காலை 8 மணிக்குள்ளோ மாலை 4 மணிக்கு மேலோ, வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோல் வையுங்கள். பாறையில் சாய்த்து வைக்காதீர்கள், கையில் பிடியுங்கள்.

சாக்பீஸ் தடவுவது, தண்ணீர் தெளிப்பது, தாளை வைத்துத் தேய்ப்பது எதுவும் கூடாது. நம் ஊரில் கல்வெட்டின் மேல் தாளை வைத்து மசிப்படி எடுக்கிறோமே என்று கேட்கலாம். அது கருங்கல்லில், பழகிய கை, துறையின் அனுமதியோடு. இந்த மணற்கல் விரலோடு உதிரும்.

5. ஜித்தா நிலா (ஞாயிறு, மதியம் 1:20)

போன பிப்ரவரியில் நாங்கள் தபூக்குக்குத் தெற்கே இருக்கிற அல் உலா போனோம். அதையும் சொல்கிறேன், நடக்க முடியாத பெரியவர்களோடு போகிறவர்களுக்கு உதவும்.

அங்கே ஜபல் இக்மா என்று ஒரு பள்ளத்தாக்கு. நடை கொஞ்ச தூரம்தான். 'ராவி' என்று வழிகாட்டிகளை அழைக்கிறார்கள், கதை சொல்கிறவர் என்று அர்த்தம். எங்களுக்கு வந்தவர் அந்த ஊர்ப் பெண், சின்ன வயசு. சுவரில் கை வைக்கப் போன என் பையனை அதட்டாமல், அவனைக் குனிய வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் காட்டினாள்.

அங்கே இருப்பது ததானிய எழுத்து. ததான், லிஹ்யான் அரசுகள் கி.மு. முதல் ஆயிரத்தில் ஆண்ட இடம். கல்லெழுத்து ஐயா சொன்ன மேய்ச்சல்காரர் எழுத்து போல இல்லை, ஊர்க்காரர்கள் ஆள் வைத்துச் செதுக்கியது. சில வரிகளில் எழுத்தைக் குடையாமல், சுற்றியிருக்கிற கல்லைக் குடைந்து எழுத்தைப் புடைப்பாக நிறுத்தியிருக்கிறார்கள். தூ காபத் என்கிற தெய்வத்துக்குத் தங்கள் விளைச்சலுக்காகச் சடங்கு செய்தோம், எங்களுக்கு அருள், துணை நில் என்று நிறைய வரிகள். பேரீச்சை விளையணும் என்று மலையில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்! 2023இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இதைச் சேர்த்திருக்கிறார்கள்.

மறுநாள் ஹெக்ரா, நபத்தேயர் பாறையில் கல்லறை குடைந்த இடம். கல்லறை வாசலுக்கு மேலே நபத்தேய எழுத்தில் பத்திரம் மாதிரியே எழுதியிருக்கு. இது இன்னாருக்கும் அவர் பிள்ளைகளுக்கும், யாரும் விற்கக்கூடாது, விற்றால் துஷரா தெய்வத்துக்கு இவ்வளவு, அரசர் ஹாரிதாவுக்கு இவ்வளவு அபராதம் என்று. செதுக்கின கல்தச்சர் பெயரும் சிலதில் உண்டு.

ஆனாலும் செல்வா, உங்கள் படத்தைப் பார்த்தபோது வந்த நெகிழ்ச்சி எனக்கு ஹெக்ராவில் வரவில்லை. அங்கே எல்லாம் பெரிய மனிதர்கள்.

6. பொருநைக்காரன் (ஞாயிறு, மாலை 6:48)

எல்லாரும் உருகுகிறீர்கள். நான் வேறு மாதிரி சொல்கிறேன், மன்னிக்கவும்.

2,000 வருஷம் நின்ற எழுத்துக்கு ஒரு முழம் கீழே நம் ஆள் ஒருவர் ஆணியால் கீறிவிட்டுப் போயிருக்கிறார். சித்தன்னவாசலில், திருப்பரங்குன்றத்தில், எந்த மலைக்குப் போனாலும் இதயம் போட்டு அம்பு விட்டு இரண்டு பெயர். வெள்ளைக்காரன் பார்த்தால் என்ன நினைப்பான், சவூதிக்காரன் என்ன நினைப்பான்? அடுத்த நாட்டு வரலாற்றுச் சின்னத்தில் தமிழ் இப்படியா இருக்க வேண்டும்? வழிகாட்டியிடம் கேட்டு, ஒரு கல்லை எடுத்துத் தேய்த்து அழித்துவிட்டு வந்திருக்க வேண்டும். பார்ப்பவன் "எழுதலாம் போல" என்று அடுத்த பெயரை எழுதுவான். நான் வேலை செய்த இடங்களில் சுவரில் ஒரு கிறுக்கல் வந்தால் ஒரே வாரத்தில் சுவர் நிறைந்துவிடும். கண்ணால் பார்த்தது.

7. தபூக் செல்வா (ஞாயிறு, இரவு 8:10)

அண்ணே, அந்தக் கோபம் நியாயம்தான். முதல்ல எனக்கும் அதே எண்ணம்தான் வந்துச்சு, சின்னக் கல்லைக்கூட எடுத்துட்டேன். வழிகாட்டி என் கையைப் பிடிச்சாரு. "லா. தொடாதே. நீ தேய்ச்சா அந்தப் பேரு போகாது, பாறைதான் போகும்"னாரு.

அவங்க தாத்தா காலத்து ஒட்டகக் குறியும் அதே பாறையில இருக்கு. 'வஸ்ம்'னு சொல்றாங்க. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு குறி, ஒட்டகத்துக்குச் சூடு போடுறது, பாறையிலயும் வெட்டி வைக்கிறது. அதைத் தொட்டுக் காட்டாம, கையை ஒரு சாண் தள்ளி வெச்சே காட்டினாரு.

8. கீதாரி மகன் (ஞாயிறு, இரவு 11:55)

இந்தக் குழுவுல படிக்க மட்டும்தான் செய்வேன். எழுதினதில்லை. தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

அந்தப் பேரு என்னோடது இல்லை. நான் இருந்தது சவூதிக்கு வடக்கால ஜவ்ஃப் பக்கம், 2005லேர்ந்து 2008 வரைக்கும். ஆனா அந்தப் பேரை எழுதினவரு எதுக்கு எழுதினாருன்னு எனக்குத் தெரியும்.

தோட்ட வேலைன்னு சொல்லி விசா கொடுத்தாங்க. இறங்கின மூணாம் நாள் ராத்திரி வண்டியில ஏத்தி, விடியறப்ப ஒரு கூடாரத்துல இறக்கி விட்டாங்க. 180 ஆடு. எங்க அய்யா கீதாரி, ஆட்டுக்கிடை போட்டே எங்களை வளர்த்தவரு, அதனால ஆடு எனக்குப் புதுசு இல்லை. ஆனா ஊர்ல கிடை போட்டா ராத்திரி நாலு பேரு இருப்பாக. கதை பேசுவாக. வயக்காட்டுக்காரரு வருவாரு. இங்கே ஒரு சத்தம் கிடையாது. எட்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி வண்டி வரும், அதுல குப்பூஸ் ரொட்டியும் வெங்காயமும் வரும். வண்டிக்காரரு சூடானி, நல்ல மனுசன், அஞ்சு நிமிசம் நிப்பாரு. அந்த அஞ்சு நிமிசந்தான் பேச்சு. முதல் ஏழு மாசம் சம்பளம் வரலை. இக்காமாவை, அதான் தங்குற அனுமதி அட்டையை, கண்ணுலயே காட்டலை.

ஆடு மத்தியானம் பாறை நிழல்ல படுத்துரும். நானும் படுப்பேன். மொதல்ல வெள்ளிக்கிழமைக்கு ஒரு கோடு போட ஆரம்பிச்சேன், நாள் தப்பிரக் கூடாதுன்னு. ஒரு நாள் யோசிக்கிறேன், என்னை யாரும் பேரு சொல்லிக் கூப்பிட்டு எத்தனை நாளாச்சுன்னு. சூடானி "யா முஹம்மத்"ம்பாரு, முதலாளி "யா ஹிந்தி"ம்பாரு. எங்க அய்யா வெச்ச பேரு அங்கே யாருக்கும் தெரியாது. கூடார முளையைப் பிடுங்கி, குத்திக் குத்தி எழுதினேன். எங்க அய்யா பேரைப் போட்டு, 'மகன்'னு போட்டு, என் பேரைப் போட்டேன். ஒரு மத்தியானம் முழுக்க ஆச்சு. எழுதி முடிச்சு சத்தம் போட்டு வாசிச்சேன். ஆடெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்துச்சு.

அந்தப் பக்கத்துப் பாறைகள்லயும் கோடு கோடா ஏதோ இருந்துச்சு. கொம்பு மாதிரி, குச்சி மாதிரி. பேய் எழுத்துன்னு நினைச்சுத் தள்ளித்தான் படுப்பேன். இன்னைக்கு ஐயா எழுதினதைப் படிச்ச பிறகுதான், அது என்னை மாதிரி ஒருத்தரு எழுதினதுன்னு தெரியுது. நான் எழுதின பாறையிலயும் பழசு ஏதும் இருந்துச்சா, அதும் மேல குத்திட்டேனான்னு ரெண்டு மணி நேரமா யோசிச்சுக்கிட்டு இருக்கேன். நினைவு வரலை.

9. ஜித்தா நிலா (திங்கள், காலை 6:30)

அண்ணா, ராத்திரி டியூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது படித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன். எழுதினதுக்கு நன்றி அண்ணா.

10. கல்லெழுத்து (திங்கள், இரவு 9:15)

கீதாரி மகன் அவர்களுக்கு வணக்கம். உங்கள் பதிவைப் பலமுறை படித்தேன்.

'இன்னார், இன்னார் மகன்' என்ற அதே வாய்பாட்டை நீங்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமல் எழுதியிருக்கிறீர்கள். ஜவ்ஃப் பக்கம் பாறையில் கோடு கோடாகப் பார்த்தேன் என்கிறீர்கள். தமூதிக் வகை எழுத்துகள் அங்கே உண்டு. அதற்கு வடக்கே, ஜோர்டான், சிரியாவின் கருங்கல் பாலைவனத்தில் ஸஃபாயிதிக் என்றொரு எழுத்து, ஹிஸ்மாயிக்கின் அண்டை வீட்டுக்காரர். அது மட்டும் 30,000க்கு மேல் பதிவாகியிருக்கிறது. கிட்டத்தட்ட எல்லாம் மேய்ச்சல்காரர்களும் வழிப்போக்கர்களும் எழுதியது.

அவர்களுக்கு எழுத்து எதற்கு? கணக்கு எழுதவில்லை, கடிதம் போட்டதற்குத் தடயமில்லை. இந்தத் துறையில் வாழ்நாளைச் செலவிட்ட மைக்கேல் மெக்டொனால்ட் சொல்லும் விளக்கம் இது: மந்தை மேயும் நேரத்தில், நிழலில், தனிமையில், பொழுது போக எழுதினார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள். சஹாராவின் துவாரெக் மக்கள் திஃபினாக் எழுத்தை அப்படித்தான் விளையாட்டாகக் கற்றார்கள் என்று ஒப்பிட்டுக் காட்டுகிறார். அறையில் உட்கார்ந்து படித்தபோது எனக்கு இது பாதிதான் நம்பும்படி இருந்தது. நேற்றிரவோடு அந்தச் சந்தேகம் போயிற்று. ஒன்றை மட்டும் சேர்ப்பேன், பொழுதுபோக்கு என்ற சொல் போதாது.

அவர்கள் எழுதுவது என்ன என்று கேளுங்கள். இறந்தவருக்காகத் துயருற்றான். மழைக்குக் காத்திருந்தான். ஒட்டகம் மேய்த்தான். கொள்ளைக்குப் போனான். லாத் தாயே (அவர்கள் வணங்கிய பெண் தெய்வம்), பாதுகாப்புக் கொடு. இந்தப் பெண் ஒட்டகம் இன்னாருடையது, பக்கத்தில் ஒட்டகப் படம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகல்லில் 'கூடல் ஊர் ஆகோள்' என்றிருக்கிறதே, மாட்டுமந்தை கவர்ந்த போர், அங்கே செத்தவனுக்கு நட்ட கல். மந்தையோடு வாழ்ந்தவர் எழுத்து எங்கேயும் இதைத்தான் பேசும்.

ஸஃபாயிதிக் வரிகள் பலவற்றின் முடிவில் ஒரு சாபம் உண்டு: இந்த எழுத்தை அழிப்பவன் குருடாகட்டும். நம் கோயில் கல்வெட்டில் 'கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போகக்கடவன்' என்று முடிகிறது. அங்கே தானத்தை அழிப்பவனுக்கு. இங்கே வெறும் பெயரை அழிப்பவனுக்கு! ஒரு ஆட்டுக்காரர் தன் பெயருக்கு அத்தனை காவல் வைத்தார்.

இனி பொருநைக்காரன் கேட்டதற்கு. அல் உலாவுக்கும் ஹெக்ராவுக்கும் இடையில், பழைய வழித்தடத்தில் ஒரு பாறையில் "நான் ஸுஹைர், உமர் இறந்தபோது எழுதினேன், இருபத்து நான்காம் ஆண்டு" என்றிருக்கிறது. உமர், இஸ்லாத்தின் இரண்டாம் கலீஃபா. ஹிஜ்ரி 24, அதாவது கி.பி. 644. காலம் குறித்த மிகப் பழைய இஸ்லாமியக் கல்வெட்டுகளில் ஒன்று. 2003இல் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறியது. எழுதியவர் ஒரு வழிப்போக்கர், எழுதியது தன் பெயர்.

இதைச் சொல்வதால், இன்றைக்கு யாரும் எழுதலாம் என்று ஆகாது. காரணம் பாறையிலேயே இருக்கிறது. அந்தக் கருஞ்சிவப்புப் பூச்சு, இரும்பும் மாங்கனீசும் களிமண் துகளோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான வருடங்களில் படிந்தது. ஒரு மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு கனம்கூட இருக்காது. அதைக் குத்தி எடுத்தால் உள்ளே வெளிர் கல் தெரியும், அதுதான் எழுத்து. பழைய எழுத்தின் மேல் மீண்டும் மெல்லப் பூச்சு ஏறும், அந்தக் கருமையை வைத்து எது முந்தியது எது பிந்தியது என்று கணிக்கிறோம். தேய்த்து அழித்தால், ஒரு பெயரின் இடத்தில் பெரிய வெள்ளைத் தழும்பு வரும், பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் மங்கிய எழுத்தும் சேர்ந்து போகும். வழிகாட்டி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. படம் எடுத்து, சவூதியின் பாரம்பரிய ஆணையத்துக்குத் தெரிவியுங்கள். அழிப்பதா விடுவதா என்பது அவர்கள் வேலை.

கீதாரி மகன், நீங்கள் வருந்தாதீர்கள். தெரிந்து செய்பவர் வேறு.

11. அகபா ராஜா (செவ்வாய், மாலை 5:05)

ஜோர்டானின் அகபாவில் துறைமுக வேலை. வாதி ரம் எனக்கு ஒரு மணி நேரம்தான், ஏழெட்டு முறை போயிருக்கிறேன். எல்லைக்கு இந்தப் பக்கத்து நிலவரத்தையும் எழுதி வைக்கிறேன். சவூதியிலிருந்து வருகிறவர்கள் ரீ-என்ட்ரி விசா போடாமல் கிளம்பிவிடாதீர்கள்.

2011இல் உலக மரபிடம் ஆன இடம். பதிவில் இருப்பதே 25,000 பாறைச் செதுக்கல், 20,000 எழுத்து, 12,000 வருட மனித வாசம். எல்லாரையும் ஜீப்பில் கஸ்அலி பிளவுக்குக் கூட்டிப்போவார்கள். மலை இரண்டாகப் பிளந்த மாதிரி ஒரு சந்து, உள்ளே எப்போதும் குளிர்ச்சி. இரண்டு பக்கச் சுவரிலும் மனிதர், ஜோடி ஜோடியாகப் பாதம், தமூதிக் எழுத்து, பிற்கால அரபி. பார்க்க வேண்டியதுதான். ஆனால் பத்தரை மணிக்கு மேல் போனால் பத்து ஜீப் கூட்டம், ஒருவர் முதுகைத்தான் பார்ப்பீர்கள். ரம் கிராமத்து ஆள் ஒருவரோடு நடந்தே போக ஏற்பாடு செய்யுங்கள், விடிகாலையில். கிராமத்துக்குப் பின்னால் நபத்தேயர் கோயில், அங்கிருந்து ஐன் ஷலாலா ஊற்றுக்கு ஏற்றம். அங்கே பாறையில் நபத்தேய எழுத்து. ஊற்றோரம் புதினா வாசம் வரும். லாரன்ஸ் ஊற்று (அரபுக் கிளர்ச்சியில் சேர்ந்த பிரிட்டிஷ் அதிகாரி லாரன்ஸ்) என்று ஜீப்காரர்கள் காட்டுவது பெரும்பாலும் வேறொன்று. லாரன்ஸ் முகம் என்று ஒரு செதுக்கல் காட்டுவார்கள், அது நம் காலத்தது, அதையே வரலாறு என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள்.

மழை அறிவிப்பு இருந்தால் எந்தச் சந்துக்குள்ளும் போகாதீர்கள். உங்கள் தலைமேல் வானம் நீலமாக இருக்கும், மேலே எங்கோ பெய்த தண்ணீர் சுவர் மாதிரி வரும். வழிகாட்டி "இன்று வேண்டாம்" என்றால் பணத்தைப் பற்றிப் பேசாமல் திரும்புங்கள்.

பொருநைக்காரன் சொன்னதில் எனக்கு ஒரு பாதி உடன்பாடு. கஸ்அலி வாசலில் பல மொழிகளில் புதுப் பெயர்கள். மந்தை மேய்த்தவர் எழுதியது இல்லை அவை. போட்டோ எடுத்துக்கொண்டு அரை மணியில் போகிறவர் எழுதியது.

12. பொருநைக்காரன் (செவ்வாய், இரவு 10:40)

கீதாரி மகன் அண்ணனிடம் முதலில் மன்னிப்பு. "நம் ஆள் ஒருவர்" என்று நான் எழுதிய தொனி தவறு. என் சித்தப்பாவும் அல் கஸீம் பக்கம் ஒட்டகம் பார்த்தவர், வந்த பிறகு அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. நாங்களும் கேட்டதில்லை.

தேய்த்து அழிக்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். கல்லெழுத்து சொன்ன காரணம் புரிகிறது. ஆனால் கிறுக்கல் கிறுக்கலைக் கூட்டும் என்ற கவலை எனக்குப் போகவில்லை. இந்த இழையைப் படிக்கிற இளையவர் ஒருவர் "நானும் என் பெயரை..." என்று கிளம்பக்கூடாது. அவர் போனில் ஆயிரம் பேர் பெயர் சொல்லிக் கூப்பிட இருக்கிறார்கள்.

13. கீதாரி மகன் (புதன், காலை 5:50)

மன்னிப்பெல்லாம் வேணாம் தம்பி. நீங்க சொன்னதும் சரிதான். உங்க சித்தப்பாகிட்ட ஒரு நாள் கேளுங்க. ஆட்டைப் பத்திக் கேட்டு ஆரம்பிங்க, மத்தது தானா வரும்.

செல்வா தம்பி, மறுபடி போனா அந்தப் பேருக்காரருக்கு அய்யா பேரும் இருக்கான்னு பார்த்துச் சொல்ல முடியுமா.

14. தபூக் செல்வா (சனி, இரவு 8:25)

நேத்து மறுபடி போனேன். அதே வழிகாட்டி. கல்லெழுத்து ஐயா சொன்ன மாதிரி ஏழரை மணிக்கே பாறைகிட்ட இருந்தோம். மூணாவது படத்தைப் பாருங்க, திரும்பி ஏறுற வரியில இப்ப எழுத்து தெளிவா இருக்கு.

அண்ணே, பார்த்தேன். அவரு பேருக்கு முன்னாடி ஒரு எழுத்தும் புள்ளியும் மங்கலா இருக்கு. போன தடவை கீறல்னு விட்டுட்டேன். தலைப்பெழுத்து அது. அவங்க அய்யா பேரோட முதல் எழுத்தாத்தான் இருக்கணும்.

வழிகாட்டிகிட்ட உங்க கதையைத் தெரிஞ்ச அரபியில சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் உங்க பேரைக் கேட்டாரு. சொன்னேன். ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தாரு, 'ழ' மட்டும் வரலை.

15. கல்லெழுத்து (சனி, இரவு 9:50)

படம் அருமை. வரி ஏறும் இடத்தில் 'த்', 'க்', 'ர்', 'த்', பிறகு 'ல்', 'த்'. இது ஹிஸ்மாயிக்கில் அடிக்கடி வரும் வேண்டுதல். 'லாத் நினைவில் வைக்கட்டும்.' அதன்பின் ஒரு பெயர் வரவேண்டும், அங்கே பாறை உதிர்ந்திருக்கிறது.

16. தபூக் செல்வா (சனி, இரவு 10:05)

ஐயா, அந்த உதிர்ந்த இடத்துக்கு நேர் கீழேதான் அந்தத் தமிழ்ப் பேரு இருக்கு.

அடுத்த மாசம் 2ஆம் வெள்ளி மறுபடி போறோம். வண்டியில ரெண்டு இடம் இருக்கு. தண்ணி 4 லிட்டர், முழுக்கைச் சட்டை, குல்லா. ஆணி, சாக்பீஸ் எதுவும் வேணாம்.